செங்கம் வழியே கடலுக்கு

கிருஷ்ணகிரியில் தொடங்கி மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி என்று கிழக்கே போய்த் திண்டிவனத்தில் முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 77. 2010-ல் சாலை எண்களை மாற்றி அமைப்பதற்கு முன் இதன் எண் 66. அப்போது இதன் மறுமுனை புதுச்சேரி. மாவட்டத்துக்குக் கடல் இல்லாவிட்டாலும், கடலுக்கு நேரே போய் நிற்கும் ஒரு சாலை கிருஷ்ணகிரிக்கு இருந்தது.

ஓசூர் சிப்காட்டிலும் சூளகிரியிலும் பர்கூரிலும் வேலை செய்கிறவர்கள் விடுமுறைக்குக் கூட்டாகக் கிளம்பும்போது பெரும்பாலும் இந்தச் சாலையில்தான் இறங்குகிறார்கள். ஆயுத பூஜை, பொங்கல், அரையாண்டுத் தேர்வு விடுமுறை என்று காலம் மாறும், போகும் ஊர்கள் அதிகம் மாறுவதில்லை. புதுச்சேரி, கடலூர், பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ராமேசுவரம், தனுஷ்கோடி. மூன்று இரவு, நான்கு பகல். பஸ்ஸின் டிக்கியில் கேஸ் அடுப்பும் அண்டாவும் அரிசி மூட்டையும் இருக்கும். கூடவே ஒரு சமையல் மாஸ்டர் வருவார். முன்னிருக்கையில் மைக்கோடு ஒருவர் உட்கார்ந்து, அடுத்து வரும் ஊரில் பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் சொல்லி, தெலுங்கில் சொல்லி, கன்னடத்திலும் ஒருமுறை சொல்வார். எல்லையோர ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன ஒன்று.

பழைய ஊர்களை, வெளியூர்க்காரர்களின் சரித்திரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் அந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஆனால் அந்தக் கடற்கரை ஊர்கள் பலவற்றின் கதையில் கிருஷ்ணகிரி இருக்கிறது, ஓசூர் இருக்கிறது, பழைய சேலம் மாவட்டத்தின் மலையும் கல்லும் இருக்கின்றன. அந்தக் கதை மைக்கில் வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

இந்தப் பாதையில் வழிசொல்லுதல் மிகப் பழைய தொழில். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது, பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய ஒரு கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிற பாட்டு அது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். எந்த இடத்தில் வழுக்கும், எங்கே காவலர் நிற்பார்கள், யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று ஒன்றும் விடாமல் சொல்லப்படுகிறது. அதே சாலையின் கடற்கரைப் பக்கத்துக்குச் சிறுபாணாற்றுப்படை இருக்கிறது. 269 அடிகளில் நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் போகும் வழியில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊரும் கிடங்கிலும் வருகின்றன. கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய ஊர், எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்பது பொதுவான கருத்து. இன்றைய நெடுஞ்சாலை 77-ன் நடுவில் ஒரு பாட்டு, கிழக்கு முனையில் ஒரு பாட்டு. இரண்டிலும் பயணம் போவது தனியாள் அல்ல. குடும்பமும் இசைக்கருவிகளும் சுமையுமாக ஒரு கூட்டமே போகிறது.

கூத்தரையும் பாணரையும் தவிர உமணரும் கூட்டமாகவே போனார்கள். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களோடு உள்நாட்டுக்கு நடந்த அவர்களைப் பற்றிச் சங்கப் பாடல்கள் நிறையவே பேசுகின்றன. பிற்காலத்தில் பொதி எருதுகளோடு உப்பையும் தானியத்தையும் ஊர் ஊராகக் கொண்டுபோன லம்பாடிகளும் அதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களுடைய தண்டாக்கள் இன்றும் இந்தப் பகுதியில் இருக்கின்றன. தனியாகப் போனால் கள்வர் பயம், மிருக பயம், நோய் வந்தால் பார்க்க ஆளில்லாத பயம். கூட்டமாகப் போவது அந்தப் பயங்களுக்கெல்லாம் கண்டுபிடித்த பதில்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தச் சாலையில் போன கூட்டங்கள் வேறு மாதிரியானவை. 1760-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிடத் தயாரானபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் உதவியைக் கேட்டார். ஹைதர் அலியின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு பாராமகாலுக்குள் வந்து அதைத் தன்வசப்படுத்திக்கொண்டு, அங்கிருந்து கடற்கரையை நோக்கி இறங்கினார். பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதி. உதவி போதவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இன்று பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்த் தெருக்கள் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை. ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பும் அந்த ஜனவரியோடுதான் முடிகிறது. 1736-லிருந்து அவர் எழுதிவந்தது அது. ஊர் விழுந்த அதே மாதத்தில் அவரும் காலமானார்.

1767 செப்டம்பரில் செங்கத்தில் ஹைதரும் நிஜாமும் ஒருபுறம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மறுபுறம் மோதின. 1780 ஜூலையில் ஹைதர் பெரும் படையோடு செங்கம் கணவாய் வழியாகவே கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். அவருடைய இளைய மகன் கரீம் ஒரு குதிரைப்படையைப் பிரித்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்ப் பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அதே பரங்கிப்பேட்டையில் சர் அயர் கூட் ஹைதரைத் தோற்கடித்தார். 1782 ஏப்ரலில் மைசூர்க்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து கடலூரைப் பிடித்தார்கள். அந்த ஜூலை மாதம், பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரேன் கப்பலைவிட்டு இறங்கி வந்து ஹைதரைக் கடலூர் அருகே சந்தித்தார். மேட்டுநிலத்து ராஜாவும் கடலோடியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

இந்தப் போர்களின் கடைசிக் கணக்கு கிருஷ்ணகிரியில் தீர்ந்தது. 1791 நவம்பரில் கம்பெனிப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் மேல் ஏற முயன்று தோற்றுத் திரும்பியது. ஆனால் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் முழுவதையும் ஹைதரின் மகன் திப்பு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டரானார், அவருக்கு உதவியாக வந்தவர்களில் தாமஸ் மன்றோ ஒருவர். ஓசூர் 1799-ல் திப்பு இறந்த பிறகு கம்பெனி வசம் வந்தது. கடலூர்க் கடற்கரையில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கும் ஓசூர்க்காரருக்கு, தன் ஊர் யார் கைக்குப் போவது என்ற சண்டையின் ஒரு பாதி இங்கேதான் நடந்தது என்று சொன்னால் அந்தச் சுவரைப் பார்க்கும் பார்வையே மாறும்.

பரங்கிப்பேட்டைக்கு இன்னொரு கதை உண்டு. தொழிற்சாலை ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சேலத்தில் கம்பெனியின் வர்த்தக அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், உள்ளூர்க் கொல்லர்கள் சிறு உலைகளில் இரும்பும் எஃகும் செய்வதைக் கவனித்தவர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இங்கிலாந்து போய் உருக்குத் தொழிலைப் படித்து, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையைத் தொடங்கினார். ஐரோப்பிய முறைப்படி இந்தியாவில் இரும்பு உருக்க நடந்த முதல் பெரிய முயற்சிகளில் அது ஒன்று. இரும்புக்கல் சேலம் மாவட்டத்து மலைகளிலிருந்து வந்தது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று அந்த மாவட்டத்துத் தாலுகாக்கள். கல் பரிசல்களில் ஏறிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதந்து கடற்கரைக்கு இறங்கியது. உலைக்கு எரிபொருள் மரக்கரி. சுற்றுவட்டாரத்துக் காடு தீரத் தீர, கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று, செலவு ஏறியது. ஹீத் கடனில் மூழ்கினார். 1839-ல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகள் அந்த முறையால் கொழித்தன. அவரோ வழக்குகளில் எல்லாவற்றையும் இழந்து 1851-ல் இறந்தார். பரங்கிப்பேட்டை ஆலை கை மாறிக் கை மாறி அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மூடப்பட்டது.

தொழிற்பேட்டைக்கு நிலம், மூலப்பொருள், போக்குவரத்து, எரிபொருள், சந்தை என்று இன்று போடும் கணக்கை ஒரு மனிதர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கழிமுகத்தில் போட்டு, எரிபொருளில் தோற்றிருக்கிறார். லாரியும் மொபெட்டும் செய்கிறவர்கள் நின்று கேட்க வேண்டிய கதை. பஸ்கள் பிச்சாவரம் படகுத்துறைக்குப் போகிற அவசரத்தில் பரங்கிப்பேட்டையில் நிற்பதில்லை.

போரும் வணிகமும் ஒருபுறம் இருக்க, சாதாரண குடும்பங்களைக் கடல்வரை கூட்டிவந்தது யாத்திரை. அதிலும் ராமேசுவரம். காசிக்குப் போய்வந்தால் ராமேசுவரத்துக்கும் போக வேண்டும், கங்கை நீரை அங்கே கொண்டுவர வேண்டும், தனுஷ்கோடி மணலைத் திரும்பக் காசிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நியதி. மாதக்கணக்கில் நடக்கிற கூட்டத்துக்கு வழியில் சோறும் கூரையும் வேண்டும். சேதுபதிகளும் தஞ்சை மராத்திய அரசர்களும் கட்டிய சத்திரங்கள் அதற்காக எழுந்தவை. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் என்று அரண்மனைப் பெண்களின் பெயரில் வரிசையாக நின்றன.

அந்தச் சத்திரங்கள் என்ன செய்தன என்பதற்கு அரசரே கொடுத்த சாட்சியம் இருக்கிறது. 1801-ல் கம்பெனி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு இரண்டாம் சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் வருமானத்தில் கம்பெனி கை வைத்துவிடக் கூடாது என்ற கவலையில் எழுதப்பட்டது அது. எல்லாச் சாதியாருக்கும் அங்கே உணவு உண்டு என்கிறார். நோயுற்ற யாத்திரிகரைப் பார்க்க வைத்தியர்கள் இருந்தார்கள். வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்த்துப் படிக்கவும் வைத்தார்கள். கர்ப்பிணிகள் அங்கேயே பிரசவித்து உடல் தேறும்வரை தங்கலாம். இன்றைய எந்தப் பயண ஏற்பாட்டாளரும் பட்டியலில் சேர்க்காத சேவைகள் இவை. யாத்திரிகர் நடுவழியில் பிள்ளை பெறுவார், நடுவழியில் இறப்பார் என்று தெரிந்து, அதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்தவர்கள் அவர்கள். அந்தக் கடிதத்தை ஒவ்வொரு சுற்றுலாத் துறை அலுவலகத்திலும் மாட்டி வைக்கலாம்.

ராமேசுவரத்தில் வந்து சேர்ந்தவர்களை வழிநடத்த மராத்தி மரபைச் சேர்ந்த புரோகிதக் குடும்பங்கள் இருந்தன. வடக்கிலிருந்து வருகிறவர்களோடு அவர்கள் மொழியில் பேசி, தங்க இடம் கொடுத்து, தீர்த்தங்களில் வரிசையாக நீராட்டி, சங்கல்பம் செய்வித்து அனுப்புவார்கள். கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களிலும் கிணற்று விளிம்பில் நின்று வாளியால் மொண்டு தலையில் ஊற்றும் ஆட்கள் இன்றும் கூட்டத்தைக் கையாளும் வேகம் அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததே.

ரயில் 1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை வந்தது. அதற்குப் பிறகும் கடலைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்தது. 145 கண்கள், நடுவே கப்பலுக்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்து தூக்கும் ஷெர்சர் பாலம். சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே டிக்கெட். போட் மெயில் என்று பெயர் வாங்கிய அந்த ஏற்பாடு ஐம்பது ஆண்டுகள் நடந்தது.

அந்த ரயில் யுகத்தில் கிருஷ்ணகிரியின் பங்கு என்ன? பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவருவதற்காக இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள் இரண்டு போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் ஒன்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-லும் ஓசூருக்கு 1913-லும் நீண்ட இன்னொன்று. பாம்பன் பாலம் திறந்தபோது ஓசூரிலிருந்து ரயிலிலேயே, பெட்டி மாறி மாறி, ராமேசுவரம் போய்ச் சேர முடிந்திருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டு பாதைகளும் மூடப்பட்டன. ஓசூருக்கு 1960-களின் இறுதியில் சேலம்–பெங்களூர் மீட்டர்கேஜ் பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் திரும்பி வரவில்லை. மாவட்டத் தலைநகராகி இருபது ஆண்டு கடந்தும் ரயில் பிடிக்க ஜோலார்பேட்டைக்கோ தருமபுரிக்கோ போகிறார்கள். இந்தப் பகுதியில் டூரிஸ்ட் பஸ் தொழில் இவ்வளவு வேர்விட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

விடுமுறைக்கென்றே கூட்டத்தைத் திரட்டிக் கட்டணம் வாங்கி அழைத்துப் போகும் வழக்கத்தை உலகம் தாமஸ் குக்கின் பெயரோடு சேர்த்துப் பேசுகிறது. 1841 ஜூலை 5-ல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு ரயிலில் கூட்டிப்போனார். அது மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம். இந்தியாவில் இதற்கு அரசு வடிவம் வந்தது வெகு பிந்தி. மத்திய அரசு ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகை 1956-ல் வந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-ல் தொடங்கியது. அதே ஆண்டு சிப்காட்டும் தொடங்கியது. ஓசூரின் கதையில் இரண்டாவதுதான் முதலாவதைவிடப் பெரியது.

சிப்காட் தொழிற்பேட்டை, 1980-ல் அசோக் லேலண்ட், அதே காலத்தில் டிவிஎஸ் மொபெட், 1980-களின் நடுவில் டிட்கோவோடு சேர்ந்து வந்த டைட்டன் கைக்கடிகார ஆலை. பதினைந்து ஆண்டுக்குள் ராகியும் தக்காளியும் விளைந்த ஊரில் மாதச் சம்பளம், போனஸ், வருடாந்திர விடுப்பு என்று ஒரு வாழ்க்கை முறை வந்து இறங்கியது. மதுரை, சேலம், திருநெல்வேலி, ஆந்திரம், கர்நாடகம் என்று பல இடத்து இளைஞர்கள் ஒரே ஷாப் ஃப்ளோரில் நின்றார்கள். சொந்த ஊர்த் திருவிழா அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. டிபார்ட்மென்ட் ஆட்கள் சேர்ந்து, மாதம் ஒரு தொகை கட்டி, வருடத்தில் ஒருமுறை குடும்பத்தோடு கிளம்புவது அந்த இடத்தை நிரப்பியது. வெவ்வேறு சாதியும் மொழியும் கொண்ட குடும்பங்கள் நான்கு நாள் ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிட்டுக் கல்யாண மண்டபத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துத் தூங்கின. இன்று மாநகராட்சியாக இருக்கிற ஓசூர் ஓர் ஊராகக் கூடியதில் இந்தப் பஸ்களுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம்.

பெண்களை ஏற்பாட்டாளர் ஆக்கியது மேல்மருவத்தூர். ஆதிபராசக்தி சித்தர் பீடத்தின் வார வழிபாட்டு மன்றங்கள் எல்லைக்கு இருபுறமும் பரவின. மார்கழியிலிருந்து தைப்பூசம் வரை சிவப்புப் புடவையும் சக்தி மாலையும் இருமுடியுமாகப் பெண்கள் நிரம்பிய பஸ்கள் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இறங்குகின்றன. மாதவிலக்கைக் காரணம் காட்டி யாரையும் தடுக்காத, பெண்களே கருவறைக்குள் போய் வழிபடும் இடம் என்பதால், அந்தப் பயணத்தைப் பெண்களே நடத்தினார்கள். சீட்டுப் பணம் வசூலிப்பது, பஸ் பேசுவது, பெர்மிட் பார்ப்பது, யாருக்கு எந்த ஸீட், எங்கே டீக்கு நிறுத்துவது, எல்லாம் மன்றத்துப் பெண்கள் கையில் இருந்தது. மேல்மருவத்தூர் தரிசனம் முடிந்தபின் பஸ் நேரே வீடு திரும்புவதில்லை. மாமல்லபுரம், புதுச்சேரி, சில கூட்டங்கள் வேளாங்கண்ணி வரையும். வீட்டில் ஒரு பகல் தனியாக வெளியே போக அனுமதி கேட்டு நின்ற தலைமுறை, கடல் அலையில் கால் நனைக்க வந்த வழி இது. கூட்டுச் சுற்றுலாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் குக்கைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தப் பெண்களைப் பற்றியும் எழுத வேண்டும்.

வேளாங்கண்ணிக்குத் தனி மரபு. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள மாவட்டம் கிருஷ்ணகிரி. காவி உடுத்தி நடந்தே போகும் குழுக்களும் உண்டு. நாகூர் தர்காவில் உயர்ந்து நிற்கும் 131 அடி மினாரைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். ஒரே பஸ்ஸில் வரும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரே நாளில் நாகூரும் வேளாங்கண்ணியும் பார்ப்பதை யாரும் விசேஷமாகச் சொல்வதில்லை.

தரங்கம்பாடியில் மைக் பிடிப்பவருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1620-ல் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்கின் ஓவே கெட்டே கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1706-ல் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய கரை, தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர், 1845-ல் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குச் செராம்பூரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட கதை. கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-ல் எழுந்தது. கடல் அதன் முன்பகுதியைத் தின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்தின் செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது, பிறகு இடிக்கப்பட்டது. அங்கே பஸ் நிற்பதற்கு இப்போது ஒரு சுவர்கூட இல்லை. கதை மட்டும்தான், அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

தனுஷ்கோடியில் கதைக்குப் பஞ்சமே இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலுக்குள் போனது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ரயிலோடு மாண்டார்கள். பாலத்தின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது, இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீண்டும் நிமிர்த்தப்பட்டது. ஊர் நிமிரவில்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போடப்படும்வரை மணலில் வேனில்தான் போக வேண்டியிருந்தது. அந்த வேன்களை ஓட்டியவர்கள் சக்கரம் புதையாத தடத்தை மட்டும் அறிந்தவர்கள் அல்ல. இது தபாலாபீஸ், இது சர்ச், இது ஸ்டேஷன் என்று ஒவ்வொரு இடிபாட்டையும் பெயர் சொல்லிக் காட்டினார்கள். தார்ச்சாலை வந்தபின் பஸ் நேரே முனைக்குப் போய்விடுகிறது. வசதிதான். ஆனால் சொல்லிக் காட்டிய குரல்கள் குறைந்துவிட்டன. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. செங்குத்தாக மேலெழும் கண் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது.

வேளாங்கண்ணிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இந்தப் பஸ்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் ஊர் வேதாரண்யம். ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கடற்கரை முழுவதிலும் அதைவிட நெருக்கமான இடம் கிடையாது. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். கல்லணை, தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்தார். சத்திரங்கள் கட்டி வழிப்போக்கருக்குச் சோறு போட்ட நாட்டில் அந்த உத்தரவு வந்தது. ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, தாங்கள் மறைந்து நின்று கொடுத்தார்கள். ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்த கூட்டத்துக்கு வேதரத்தினம் பிள்ளை இடம் கொடுத்தார். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார். கடற்கரையிலிருந்து மேட்டுநிலத்துக்கு மூட்டை மூட்டையாக ஏறிப் போன அதே பொருளுக்காக, மேட்டுநிலத்துக்காரர் ஒருவர் கூட்டத்தோடு கடல்வரை இறங்கி வந்தார்.

அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது, சுற்றிலும் இன்றும் உப்பு விளைகிறது. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அங்கே அகலப்பாதை ரயிலும் வந்துவிட்டது. வேளாங்கண்ணியில் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் எட்டு மணிக்குள் அகஸ்தியம்பள்ளி. சமையல் மாஸ்டர் டிபனை அங்கேயே இறக்கலாம். உப்பளத்தைப் பார்த்து, தூண் அருகே மைக்கை எடுத்துத் தொரப்பள்ளியில் தொடங்கித் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒருமுறை சொல்லிவிட்டுக் கிளம்பினாலும், ராமேசுவரத்தில் மாலை தீர்த்தமாடுவதற்கு நேரம் இருக்கும்.